புகையிலையை விட்ட முதல் வாரம்: அது பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது?

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் பல் டாக்டராக இருந்தால், யார் புகையிலை போடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வாயைத் திறக்கச் சொன்னாலே தெரிந்துவிடும். தேயிலைக் கொழுந்து பறிக்கிற அம்மாக்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம், பெரும்பாலும் ஒரே பக்கமாக, தோல் தடித்து வெளுத்திருக்கும். ஜீப் ஓட்டுகிற தம்பிகளுக்குக் கீழுதட்டுக்குள், ஹான்ஸ் என்கிற பாக்கெட் புகையிலையை ஒதுக்கி வைக்கும் அதே இடத்தில், வெள்ளையாகச் சுருக்கம் விழுந்திருக்கும். அம்மாக்களிடம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலை; தம்பிகளிடம் பாக்கெட். உள்ளே போகும் நிகோட்டின் ஒன்றுதான்.

இவர்களில் "விடணும்" என்று சொல்லாதவர்கள் குறைவு. விடவும் செய்கிறார்கள். ஒரு நாள் தாக்குப்பிடிப்பார்கள், இரண்டு நாள் தாக்குப்பிடிப்பார்கள், மூன்றாம் நாள் மறுபடி வாயில் இருக்கும். கேட்டால் "மனசு கேக்கல டாக்டரம்மா" என்பார்கள். மனதின் மேல் பழி போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பயம் காட்டி அனுப்புவதிலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பாக்கெட் மேலேயே பயங்கரமான படம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டேதான் கிழிக்கிறார்கள். புகையிலை அவர்களுக்கு ஏதோ ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதுதான் விஷயம். அந்த வேலைக்கு வேறு ஆள் வைக்காமல் அதை மட்டும் நிறுத்திவிடுகிறோம். வேலை அப்படியே கிடக்கிறது. மூன்றாம் நாள் பழைய ஆளையே கூப்பிட வேண்டியதாகிறது.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ரத்தத்தில் இருக்கிற நிகோட்டினில் பாதி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கழிந்துவிடும். ஒரு நாள் முழுக்க வாயில் வைக்கவில்லை என்றால் உடம்பில் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் பல வருடமாக அதற்குப் பழகிய மூளை உடனே அடங்காது. எரிச்சல், தலைவலி, கவனம் நிற்காமை, தூக்கம் கெடுவது, அகோரப் பசி எல்லாம் முதல் நாளிலேயே தலைகாட்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அப்புறம் மெல்ல இறங்கி, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆக, ஆட்கள் திரும்பிப் போகிற அந்த மூன்றாம் நாள்தான் மேட்டின் உச்சி. இது தெரியாததால், இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கைவிட்டுவிடுகிறார்கள்.

இனி வேலைகளுக்கு வருவோம். யாரும் வெட்கத்தில் சொல்லாத ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். "அதைப் போட்டாத்தான் காலையில வெளிக்குப் போக வரும்." ஆண், பெண் இருபாலரும் இதைச் சொல்வார்கள், ஆனால் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. நிகோட்டின் குடலைத் தூண்டுகிறது. நிறுத்தியதும் மலச்சிக்கல் வருவது எதிர்பார்க்க வேண்டியதுதான். மூன்று நாள் வயிறு கட்டிக்கொண்டு, மேட்டில் கூடையைச் சுமந்து ஏறுகிறவரிடம் போய் மன உறுதியைப் பற்றிப் பேசினால் என்ன நினைப்பார்? அதனால் விடுவதற்குச் சில நாள் முன்பே வயிற்றைத் தயார் செய்யச் சொல்வேன். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், இரவில் வாழைப்பழம், தினமும் கீரை, தேவைப்பட்டால் ஒரு வாரத்துக்கு இசப்கோல்.

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லா டாக்டர்களும் சொல்கிறோம். தோட்டத்தில் பெண்கள் ஏன் குடிப்பதில்லை என்று யோசிக்கிறோமா? தேயிலைச் சரிவில் ஒதுங்க இடம் கிடையாது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவரை அடக்கிக்கொள்வதற்காகத்தான் தொண்டையைக் காயப்போடுகிறார்கள். வாய் காய்ந்தால் எச்சில் ஊற ஒரு வாய் புகையிலை. இதைப் புரிந்துகொள்ளாமல் தரும் அறிவுரை காற்றோடு போகும். வேலைக்குக் கிளம்புமுன், பறித்த கொழுந்தை எடை போடும் நேரத்தில், வீடு திரும்பியதும் என மூன்று வேளையாகப் பிரித்துக் குடிக்கச் சொல்கிறேன். இதற்கு நான் வழி சொல்வதைவிடத் தோட்டத்தில் கழிப்பறை கட்டிக் கொடுப்பது நல்லது.

அடுத்தது பல்வலி, என் சொந்தத் துறை. வயதான பெண்களிடம் எப்படித் தொடங்கியது என்று கேட்டால் திரும்பத் திரும்ப வருகிற பதில், "பல்லு வலிக்குத்தான் முதல்ல வச்சேன்." புகையிலை அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும். சொத்தைப் பல் உள்ளேயே கிடக்கும். விட்ட இரண்டாம் நாள் அந்த வலி எழுந்து உட்காரும். புகையிலையை விட்டதால்தான் பல் வலிக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டுவார்கள். அக்கம்பக்கமும் ஆமாம் போடும். ஆகவே பல்லைக் காட்டிவிட்டு, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, அடைக்க வேண்டியதை அடைத்துவிட்டு, அப்புறம் புகையிலையை விட நாள் குறியுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பல் பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் காட்டலாம்.

பசியும் குளிரும் ஜோடியாக வருகிறவை. நிகோட்டின் பசியை அமுக்கும். காலையில் பால் இல்லாத ஒரு கட்டன் சாயா, ஒரு வாய் வெற்றிலை, அதோடு மதியம் வரை ஓட்டுகிறவர்கள் இங்கே ஏராளம். விட்டபின் பத்து மணிக்கே வயிறு கூப்பாடு போடும். கையில் மெல்ல ஏதாவது இருந்தால் ஒழிய அந்த நேரம் தாண்டாது. நீலகிரியில் கேரட்டுக்குப் பஞ்சமா? விரல் நீளத்துக்கு நறுக்கி ஒரு டப்பாவில் கொண்டுபோனால் வாய்க்கும் வேலை, வயிற்றுக்கும் ஏதோ ஒன்று. வறுத்த கடலை, சோம்பு, கிராம்பு, நெல்லிக்காய்த் துண்டு எல்லாம் நல்லதுதான். மிட்டாயை மட்டும் நாள் முழுக்க ஒதுக்கி வைக்காதீர்கள், அதற்கும் நான்தான் பல்லைப் பார்க்க வேண்டியிருக்கும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்பது தோற்றம். இதயம் வேகமாக அடிப்பதாலும் வாய் காந்துவதாலும் சூடேறியது போலத் தோன்றுமே தவிர, நிகோட்டின் உண்மையில் விரல் நுனி ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. டிசம்பர் குளிரில் கை இன்னும் அதிகமாகத்தான் விறைக்கும்.

எனக்கு யோசனையே வராத ஒரு வேலையை ஓர் அம்மாதான் காட்டிக்கொடுத்தார். விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கன்னத்தைப் பார்த்தால் விட்ட மாதிரி தெரியவில்லை. சுருக்குப்பையை மேசையில் கொட்டச் சொன்னேன். பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா, இரண்டு மாத்திரை, பஸ் டிக்கெட், ஈரத் துணியில் கட்டிய ஒரு முடிச்சு. பிரித்தால் நெடியடிக்கும் புகையிலை. "அது வாய்க்கு இல்ல டாக்டரம்மா, அட்டைக்கு!" தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தேயிலைச் செடிக்கடியில் அட்டை ஊர்கிற ஊர் இது. அந்த முடிச்சை நனைத்து ஒரு தொடு தொட்டால் அட்டை சுருண்டு விழும். அவர் சொன்னது நிஜம். ஆனால் அட்டைக்கென்று கட்டிய முடிச்சு பத்து மணிக்கு வாய்க்கும் கைகொடுத்திருக்கிறது. உப்பு முடிச்சு வைத்துக்கொள்ளலாமே என்றேன். "மழையில கரைஞ்சு போயிடும்" என்றார் உடனே. சரி, உப்பு முடிச்சை மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு, இறங்குமுன் காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்வது என்று பேசி முடித்தோம். அன்றிலிருந்து மழைக்காலத்தில் யார் விடப்போகிறேன் என்று வந்தாலும் அட்டைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.

ஓட்டுநர்களுக்கு வேலை வேறு, அவர்களுக்கு அது தூக்கத்தை விரட்டுவது. இரவு நாடுகாணி இறக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர், விட்ட முதல் மூன்று நாளில் கவனம் சிதறும் என்று தெரிந்தே அந்த ஓட்டத்தை ஏற்கக் கூடாது. பகல் ஓட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். இது விஷயத்தில் நான் கண்டிப்பு.

எந்த நாள் நல்லது? சனிக்கிழமை தொடங்கினால் உச்சத்தின் முதல் பாதி ஞாயிறு விடுமுறையில் போய்விடும். திருவிழாவோ கல்யாணமோ இருக்கிற வாரம் வேண்டாம். தாம்பூலத்தை மறுப்பது சிரமம் என்றால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். முதல் நாள் இரவே வீட்டில் இருப்பதையெல்லாம் அப்புறப்படுத்தி விடுங்கள். கடையில் கிடைக்காது என்ற நம்பிக்கையில் இருக்க வேண்டாம். குட்கா, புகையிலை கலந்த பான் மசாலாவுக்கு 2013 முதல் தமிழ்நாட்டில் தடை உத்தரவு வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் மூன்று மாநிலம் சந்திக்கிற எங்கள் ஊரில் தேடுகிறவருக்குக் கிடைத்துவிடுகிறது.

புகையிலை வேண்டும் என்ற தவிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் வாய்க்கும் கைக்கும் வேறு வேலை கொடுங்கள். வாயைக் கொப்பளியுங்கள், இரண்டு செடி தள்ளிப் போங்கள், பக்கத்து நிரையில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். நிமிடம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் அது நீளும்.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் வாய் போடுகிறவர், சாற்றை விழுங்குகிறவர், வாயில் வைத்தபடியே தூங்குகிறவர் ஆகியோருக்கு இதெல்லாம் மட்டும் போதாமல் போகலாம். அவர்களுக்கு நிகோட்டின் சூயிங்கம் உதவும். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு. எது என்பதை டாக்டர் சொல்லட்டும். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. இதை மிட்டாய் சூயிங்கம் போலத் தொடர்ந்து மெல்லக் கூடாது. காரம் சுள்ளென்று ஏறும்வரை மென்று, கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, காரம் தணிந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்று அரை மணி நேரம் வரும். இன்னொன்று, அதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்து டீ, காபி கூடாது. நிகோட்டின் காரத்தன்மையில்தான் (மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பு போலப் புளிப்புக்கு எதிரான தன்மை) வாயின் தோல் வழியாக நன்றாக உள்ளே போகும். புகையிலையோடு சுண்ணாம்பு சேர்த்தால் சட்டென்று ஏறுவதும் அதனால்தான். டீயைக் குடித்துக்கொண்டே மென்றால் வாய் புளித்து, மருந்து வீணாக வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். தேயிலை ஊரில் இதை எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுகிறார்கள். பல் ஆடுகிறவர்களுக்கும், வாய் திறக்க முடியாதவர்களுக்கும் தோலில் ஒட்டும் பட்டை இருக்கிறது.

புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு, வாசனைப் பாக்கு என்று மாறிக்கொள்கிறவர்கள் நிறைய. அதை நான் விட்டதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாக்கையே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாய் நாளுக்கு நாள் இறுகி, சோற்று உருண்டை நுழையாமல் போகிற நோய்க்கும் முக்கியக் காரணம் பாக்குதான். இறுகிய வாய் பழையபடி முழுதாகத் திறப்பது அரிது.

பேச ஆள் வேண்டுமா? 1800-11-2356, கட்டணமில்லாத தேசிய எண். 2018 செப்டம்பரிலிருந்து புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். படத்துக்கு நடுவில் யாரும் கவனிப்பதில்லை. தமிழிலும் பேசுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை. சனிக்கிழமை தொடங்குகிறவர்கள் மூன்றாம் நாளுக்காகக் காத்திருக்காமல் சனி, ஞாயிறிலேயே பேசிவிடுங்கள்.

நடுவில் ஒரு வாய் போட்டுவிட்டால் குடி முழுகிப்போகாது. எந்த நேரம், எங்கே, யாரோடு இருக்கும்போது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். எந்த வேலைக்கு இன்னும் ஆள் வைக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இதற்கிடையில் கண்ணாடி முன் நின்று வாயைப் பாருங்கள். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி நுழைக்க முடிகிறதா? விரல் மூன்றும் நுழையாத வாய், சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடுகிற நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வாருங்கள். வெள்ளைத் தடிப்பு மட்டும் என்றால், விட்ட சில வாரங்களில் பலருக்கு அது தானாகவே குறைகிறது. அதனால் இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொல்வேன். குறைந்த மாதிரி தெரியாவிட்டால் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கத்தி என்று கேட்டதுமே பலர் அந்த இரண்டாம் வருகைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு எடுப்பது அது, சில நிமிட வேலை. பெரும்பாலானோர் அன்றே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம்.