கடற்பன்றியைக் காதால் எண்ணுவது

ஹட்டனில் உயர்தர உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "கடற்பன்றி மேலே வந்து மூச்சு விட்டதும் மறைஞ்சிரும் என்கிறீங்க, அப்புறம் எப்படி சேர் எண்ணுறாங்க?"

கடற்பன்றி டொல்பினுக்கு உறவு, ஆனால் சிறியது, மூக்கு நீளாது, பல் தட்டை. கப்பலிலும் விமானத்திலும் போய் எண்ணுவது பழைய வழி. வட கடலில் 1994இலும் 2005இலும் அப்படி எண்ணினார்கள். தொகை பெரிதாக மாறவில்லை, கூட்டம் மட்டும் தெற்கே இறங்கியிருந்தது. பால்டிக் கடலில் இந்த வழி சரிவராது, அங்கே மிச்சமே சில நூறுதான். அதனால் 2011 முதல் 2013 வரை சுமார் 300 ஒலிக்கருவிகளைக் கடலுக்குள் இறக்கி, காது கொடுத்தே கணக்கெடுத்தார்கள். வந்த விடை ஏறத்தாழ 500.

நமக்குக் கேட்பது 20 கிலோஹேர்ட்ஸ் வரை. கடற்பன்றி எதிரொலியால் இரை தேட விடும் கிளிக் ஒலி 130ஐ ஒட்டியது. மூச்சுத்துளைக்குக் கீழே உண்டாகி, நெற்றிக் கொழுப்பில் குவிந்து போகிறது, எதிரொலி கீழ்த்தாடை வழியாகக் காதுக்கு வருகிறது. இவ்வளவு உயர்ந்த ஒலி தண்ணீரில் சீக்கிரம் தேய்ந்துவிடும், கருவிக்குச் சில நூறு மீட்டருக்குள்தான் கேட்கும். அத்தனை கருவிகள் தேவைப்பட்டது அதனால்தான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஒரு கிளிக்கை அனுப்பி, அதன் எதிரொலி திரும்பிய பிறகே பெரும்பாலும் அடுத்ததை அனுப்பும். மீன் நெருங்க நெருங்க எதிரொலி சீக்கிரம் வரும், இடைவெளி சுருங்கும், கடைசியில் செக்கனுக்குச் சில நூறு கிளிக்குகள், ஒரே ர்ர்ர். பூச்சி பிடிக்கும் வௌவாலும் இதையேதான் செய்கிறது. ஆக, பதிவான இடைவெளிகளைப் பார்த்தாலே அது சும்மா கடந்து போனதா, சாப்பிட்டதா என்று பிரித்துவிடலாம். குளிர்ந்த நீரில் வாழும் சின்ன உடம்பு, இரவு பகலாகத் தின்றால்தான் சூடு நிற்கும். டென்மார்க் பக்கம் கடற்பன்றிகளின் உடம்பிலேயே கருவி ஒட்டிப் பார்த்ததில் மணிக்கு 550 சிறு மீன்கள் வரை துரத்தியதாக 2016இல் வெளியிட்டார்கள், பத்தில் ஒன்பது தப்பவில்லையாம். கப்பல் இரைச்சல் கிட்டே வந்தால் வேட்டையை விட்டுவிடுகின்றன என்பதும் இப்படித்தான் தெரிந்தது.

2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது ஆமைகளும் டொல்பின்களும் செத்து ஒதுங்கின. வழக்கமான வருசத்தில் எத்தனை சாகும், எத்தனை அந்தப் பக்கம் திரியும் என்று முன்கூட்டியே நல்ல கணக்கு இருந்தால்தானே பழியை நிறுவலாம்? விபத்துக்குப் பிறகு ஒதுக்கும் ஆராய்ச்சிப் பணம் எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது. தேயிலைத் தோட்டத்து ஒபீசில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தினமும் மழைமானியைப் பார்த்து எழுதுகிறார்களே, அந்த மாதிரி நம் கரையிலும் ஒன்றுமே நடக்காத நாட்களைப் பதிந்து வைக்க வேண்டும். டொல்பினின் கிளிக்கையும் இதே வகைக் கருவிகள் பிடிக்கும், ஒருமுறை இறக்கினால் மாதக்கணக்கில் தாங்கும், இறக்குவதற்கு ஒரு மீன்பிடிப் படகு போதும்.