இந்த வயசுல முடி வெட்டலாமா டாக்டர்?

தோல் மருத்துவரிடம் முடிக்காக வருபவர்கள் எல்லாம் கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகள்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பது, அறுபது, எழுபது வயதுப் பெண்களும் நிறையவே வருகிறார்கள். என்ன, முடிக்காக வந்தோம் என்று சொல்ல மாட்டார்கள். கால் வெடிப்புக்கோ படர்தாமரைக்கோ டோக்கன் போட்டு வந்து, நான் மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்த பிறகு, நாற்காலியை விட்டு எழுந்துகொண்டே, "அப்புறம் டாக்டர், இந்த முடி..." என்று இழுப்பார்கள். கூட வந்திருக்கும் மகள் முந்திக்கொள்வார்: "இந்த வயசுல கொட்டாம என்னம்மா செய்யும்? வா போகலாம்."

நான் மறுபடி உட்காரச் சொல்வேன்.

எந்த வயதில் எப்படி முடி வைத்துக்கொள்ளலாம் என்பது வெறும் ரசனைச் சண்டை என்றால் மருத்துவருக்கு அதில் வேலையே இல்லை. ஆனால் "இந்த வயசுல எதுக்கு" என்ற பேச்சு பல பெண்களின் தலையில் இருக்கும் நோயை மறைத்துவிடுகிறது. சிலருக்கு நோயையே கொண்டுவந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. கல்யாணம் வரை இரட்டைப் பின்னல், ஒற்றைப் பின்னல் எல்லாம் சரி. பேரன் பேத்தி எடுத்துவிட்டால் கொண்டைதான். குதிரைவால் போட்டால் "காலேஜுக்குக் கிளம்பிட்டாங்க" என்று கிண்டல். தோள்வரை வெட்டினால் "என்ன ஆச்சு, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரிப்பு. நரையை அப்படியே விட்டால் "ஏன் இப்படி வயசைக் கூட்டிக்கிறீங்க?", டை அடித்தால் "இந்த வயசுல யாருக்குக் காட்ட?". எந்தப் பக்கம் போனாலும் பேச்சுதான். ஆனால் அதே அம்மா பழனிக்கோ திருப்பதிக்கோ சமயபுரத்துக்கோ போய் மொத்தமாக மொட்டை போட்டுக்கொண்டு வந்தால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. முழுசாக எடுத்தால் புண்ணியம், பாதி எடுத்தால் பேச்சு! இதை நான் சொன்னால் கூட வந்தவர்களே சிரித்துவிடுவார்கள்.

வெட்டிய முடியைப் பார்த்தால் மூத்த பெண்களுக்கே உள்ளூர ஒரு பயம் வருவதற்குப் பழைய காரணம் உண்டு. கணவனை இழந்தவளின் கூந்தலைக் கொய்துவிடும் வழக்கம் புறநானூற்றிலேயே வருகிறது. சில சமூகங்களில் கைம்பெண்களுக்கு மொட்டை அடிப்பது இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது. பாட்டியை அப்படிப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கத்தரிக்கோல் என்றால் வேறு நினைவுதான் வரும். இன்னொரு பக்கம், பெண்கள் முடியை வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரியார் வெளிப்படையாகவே பேசினார். முன்புறம் ஒரு நரைக்கீற்றோடு, குட்டையாக வெட்டிய முடியோடு இந்திரா காந்தி நாட்டை ஆண்டதையும் இதே தலைமுறை பார்த்திருக்கிறது. பிரதமருக்குச் சரி, நம் வீட்டு அம்மாவுக்குச் சரியில்லை என்று எப்படியோ முடிவாகிவிட்டது.

சரி, இந்தப் பேச்சு எப்படி நோயாகிறது என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, வயது அறுபதைத் தாண்டியவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கூட வந்த மகள்தான் பேசினார். "நீங்களே சொல்லுங்க டாக்டர், இப்பப் போய் முடியை வெட்டணும்ங்கறாங்க. அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?" அம்மா எதுவும் சொல்லவில்லை. கொண்டையை அவிழ்க்கச் சொன்னேன். முதலில் வலை வந்தது. பிறகு கொண்டை ஊசிகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. கடைசியில் சவுரி. சொந்த முடியைவிடச் சவுரிதான் கனமாக இருந்தது. சொந்த முடியை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் சுண்டுவிரல் பருமன் தேறாது. வகிடு அகன்று மண்டைத்தோல் தெரிந்தது. இரண்டு காதோரமும் இரண்டு விரல் அகலத்துக்கு வழுக்கை, அதில் அங்கங்கே பூனைமுடி.

"ராத்திரி தூங்கும்போதும் இந்தக் கொண்டைதானா?"

"ஆமா டாக்டர். அவிழ்த்துட்டா காலையில சிக்கெடுக்க முடியல. கையைத் தலைக்கு மேல தூக்க வராது."

பல வருடமாகச் சர்க்கரை. தோள்பட்டை இறுகிப்போய், கை பாதிக்கு மேல் ஏறவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இப்படி இறுகுவது மற்றவர்களைவிட அதிகம். முடியை வெட்ட வேண்டும் என்று அவர் கேட்டதன் காரணம் அதுதான். தினமும் காலையில் தலைவாரிவிட மருமகளுக்காகக் காத்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இதை மகளிடம் சொல்லக் கூச்சம்.

அவர் தலையில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருந்தன. காதோர வழுக்கை, இழுவையால் வந்தது. முடி மெலிய மெலியக் கொண்டை நிற்காது. நிற்பதற்காக இன்னும் இறுக்கிச் சீவுவோம், சவுரி வைப்போம், ஊசி கூடும். அந்த இழுப்பை வருடக்கணக்கில் தாங்குவது நெற்றியோரத்திலும் காதோரத்திலும் இருக்கும் வேர்கள். ஆரம்பத்தில் கவனித்து இறுக்கத்தை விட்டால் முடி திரும்ப முளைக்கும். முற்றிவிட்டால் வேர் அழிந்துவிடும், பிறகு எந்த மருந்தும் வேலை செய்யாது. "வயசுக்கு ஏத்த" அடக்கமான சிகையலங்காரம் என்று நாம் சொல்லும் அந்த இறுக்கமான கொண்டையைவிட, தளர்வான குதிரைவாலும் தோள்வரை வெட்டிய முடியும் மண்டைக்கு எவ்வளவோ மேல். கொண்டைதான் பிடிக்கும் என்பவர்கள் தாராளமாகப் போடலாம். தாழ்வாக, தளர்வாக, சவுரி இல்லாமல் போடுங்கள். முடியைக் காயவிட்டு முடியுங்கள், ஈரத்தோடு வேண்டாம். ராத்திரி அவிழ்த்துவிடுங்கள், அல்லது லேசாகப் பின்னிக்கொள்ளுங்கள். கொண்டையை அவிழ்த்ததும் மண்டை "அப்பாடா" என்று இருந்தால், அது இறுக்கமாகக் கட்டிய கொண்டைதான்.

வகிடு அகன்றது வேறு கதை. பெண்களுக்கு வரும் பரம்பரை முடியிழப்பு இது. முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்க, உச்சியில் மட்டும் முடி மெலிந்துகொண்டே வரும். இதை மூன்று நிலைகளாக எரிச் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1977இல் வகுத்தார், இன்றும் அதை வைத்துத்தான் குறிக்கிறோம். மாதவிடாய் நின்ற பிறகு இது வேகமெடுப்பது சகஜம். மினாக்சிடில் என்ற தடவும் மருந்து பலருக்குக் கை கொடுக்கிறது. அறுபது வயதிலும் வேலை செய்யும். ஆனால் முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம், பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும், விட்டால் பழையபடி ஆகிவிடும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஒரு பாட்டிலோடு நிறுத்திவிடுவார்கள். நீங்களாகக் கடையில் வாங்கித் தடவ வேண்டாம். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் கட்டாயம் கேட்டுவிட்டுத்தான்.

கூடவே ரத்தப் பரிசோதனையும் எழுதினேன். ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் பி12. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. "வயசாச்சு, கொட்டுது" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டால் ரத்தசோகையும் தைராய்டும் அப்படியே இருந்துவிடும். டெங்கு, டைஃபாய்டு, பெரிய அறுவை சிகிச்சை இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவதும் உண்டு. அது பெரும்பாலும் தானாகவே சரியாகும்.

தலைமையாசிரியை தோள்வரை வெட்டிக்கொண்டார். "வெட்டினா அடர்த்தியா வளருமா டாக்டர்?" என்று மகள் கேட்டார். வளராது. வெட்டிய நுனி தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான். வேருக்கு மேலே கத்தரி பட்டது தெரியாது. மொட்டை போட்டாலும் இதே பதில். ஆறு மாதம் கழித்து வந்தபோது வகிடு கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. இடது காதோரத்தில் முடி முளைத்திருந்தது, வலதில் முளைக்கவில்லை. தலையை அவரே வாரிக்கொள்கிறார்.

வயது முடிக்கு ஒன்றுமே செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒரு முடி இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளர்ந்துவிட்டு ஓய்வெடுத்து உதிரும். வயதாக ஆக இந்த வளரும் காலம் சுருங்குகிறது. இடுப்பைத் தொட்ட பின்னல் பாதி முதுகோடு நின்றுவிடுவது அதனால்தான். இழையும் மெலியும். மண்டையில் எண்ணெய்ப்பசை குறைவதால் வறண்டு, எளிதில் உடையும். "கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிகிறாள்" என்பார்கள். இருக்கும் முடி எவ்வளவு தாங்கும் என்று பார்த்து முடிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் பக்க நிபந்தனை. எழுபது வயதில் அடர்த்தியான முடி இருப்பவர் நீளப் பின்னல் போட்டால் மருத்துவ ரீதியாக எந்தத் தடையும் இல்லை. முப்பது வயதில் வகிடு அகன்றவர் இறுக்கிச் சீவினால்தான் நான் திட்டுவேன்.

வயதின் மேல் பழிபோட்டுத் தள்ளிப்போடவே கூடாத நோய் ஒன்று இருக்கிறது. முன்நெற்றி முடிக்கோடு பட்டையாக மேலேறிக்கொண்டே போகும். பெரும்பாலும் புருவமும் உதிரும். முடி போன இடத்தின் தோல் வழவழப்பாக, நெற்றியின் மற்றப் பகுதியைவிட வெளுப்பாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் ஸ்டீவன் கோசார்ட் என்ற மருத்துவர், மாதவிடாய் நின்ற பெண்களிடம் கண்டு 1994இல் இதை முதலில் விவரித்தார். இது வேரைத் தழும்பாக்கிவிடும் வகை. போன முடி வராது, மேலும் போகாமல் நிறுத்தத்தான் மருந்து. புருவத்தை மையால் வரைந்துகொண்டு, மேலேறிய முடிக்கோட்டை முன்முடியால் மறைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கழிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நெற்றி பெரிதாகிறது என்று தோன்றினால் பழைய போட்டோவை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மண்டையில் வலி, எரிச்சல், சீழ், வட்டமாக முடி போவது, திடீரென்று தாடையில் தடித்த முடி முளைப்பது, இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

டை பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. அடிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் கருப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா பினிலின்டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. நெற்றி, காது, கழுத்தில் அரிப்பு, காலையில் கண்ணே திறக்க முடியாத வீக்கம், சிலருக்கு நெற்றியோரமும் கன்னமும் மெல்ல மெல்லக் கருத்துப்போவது எல்லாம் இதனால் வரலாம். "இருபது வருஷமா இதே டைதான் அடிக்கிறேன், இப்ப எப்படி ஒத்துக்காமப் போகும்?" என்று கேட்பார்கள். ஒவ்வாமை எத்தனை வருடம் கழித்தும் வரும். "மூலிகை", "கருப்பு மருதாணி" என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அசல் மருதாணி செம்பட்டை நிறம்தான் தரும், கருகருவென்று பிடித்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடியுங்கள். ஒருமுறை வீங்கிவிட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும், கம்பெனி மாற்றிப் பார்ப்பது ஆபத்து.

பார்லருக்குப் போனால் எனக்குக் கவலை கத்தரிக்கோலைப் பற்றி இல்லை, தலை அலசும் தொட்டியைப் பற்றித்தான். கழுத்தைப் பின்னால் மடக்கி அதன் விளிம்பில் நெடுநேரம் வைத்திருந்த பிறகு பக்கவாத அறிகுறிகள் வந்த ஐந்து பெண்களைப் பற்றி மைக்கேல் வெயின்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1993இல் எழுதினார். அரிதுதான். இருந்தாலும் கழுத்தெலும்புத் தேய்மானம், ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்கள் கழுத்துக்கடியில் துண்டை மடித்து வைக்கச் சொல்லுங்கள், அல்லது வீட்டிலேயே தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள். முடியை நேராக்கும் கிரீம்களில் கிளையாக்சிலிக் அமிலம் கலந்தவை வருகின்றன. அதைப் போட்ட மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி 2024இல் மருத்துவ இதழில் செய்தி வந்தது. சர்க்கரையால் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று, இது மகன்களுக்கும் மகள்களுக்கும். ஆசைப்பட்டு வெட்டிக்கொள்ள அம்மாவை விடாத வீடுகளிலேயே, அவர் படுக்கையில் விழுந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் ஒட்ட வெட்டிவிடுவதையும் பார்க்கிறேன். சிக்கு, பேன், குளிப்பாட்டும் சிரமம் எல்லாம் எனக்கும் தெரியும். மறதி நோய் இருந்தாலும்கூட முதலில் அவரிடம் சொல்லுங்கள், கேளுங்கள். பக்கவாட்டில் தளர்வாக ஒரு பின்னல் போட்டால் படுக்கையிலும் சமாளிக்கலாம், தலையணையில் உரசிச் சிக்காகாது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கழுத்துவரை விட்டு வெட்டலாம்.

மருத்துவரிடம் தலையைக் காட்ட வரும்போது எண்ணெய் வைக்காமல், அன்றைக்கு டை அடிக்காமல், சவுரி இல்லாமல் வாருங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும், வீட்டில் இருக்கும் டை பாக்கெட்டையும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.