குறைமாதக் குழந்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

32 வாரம் முடிவதற்கு முன்பே பிறக்கும் குழந்தைகளுக்கு மூளையின் நீரறைகளை ஒட்டிய ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. பெரும்பாலும் பிறந்த முதல் 3 நாட்களுக்குள் கசிகின்றன. சிறிய கசிவு தானாகக் கரைந்துவிடும். பெரிய கசிவென்றால் மூளைநீர் வடியும் வழி அடைபட்டு, நீர் தேங்கித் தலை பெரிதாகும். அப்போது தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு குழாய் வைக்க வேண்டி வரலாம். அதுதான் ஷன்ட். மருத்துவத்தைப் பற்றி டாக்டர் சொல்வார். அவர் சொல்லாதது காகித விஷயம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஷன்ட் அறுவைச் சிகிச்சையும் இதில் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. சென்னையில் வாடகை கொடுத்துவிட்டு 10,000-இல் எந்தக் குடும்பம் நடக்கிறது என்று கேட்டுப் பயனில்லை. விதி அப்படி.

பலர் சிக்கிக்கொள்வது ரேஷன் கார்டில்தான். தலைப்பிரசவம். மனைவியின் பெயர் இன்னும் அவருடைய அம்மா வீட்டுக் கார்டில், கணவரின் பெயர் அவருடைய அப்பா கார்டில். மாமனாரின் பென்ஷனையும் குடும்ப வருமானமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, தகுதியில்லை என்று அனுப்பிவிடுவார்கள். கல்யாணம் ஆனதும் தனிக் கார்டு வாங்கியவர்கள் இந்த இடத்தில் தப்பிக்கிறார்கள். கர்ப்பமாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். கூட்டுக்குடும்பம் பிரிகிறதே என்று பெரியவர்கள் வருத்தப்பட்டால் படட்டும். பெயர் சூட்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பிறப்புப் பதிவையும் தள்ளிப்போடாதீர்கள். 21 நாட்களுக்குள் கட்டணமில்லை. பெயர் இல்லாமலே பதியலாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம்.

காப்பீட்டு அட்டை செங்கத்திலோ செய்யாறிலோ எடுத்ததாக இருந்தாலும் சென்னையில் செல்லும். "இது வேற மாவட்டக் கார்டு" என்று கவுண்டரில் சொன்னால் அங்கேயே நின்று 1800 425 3993-க்குப் போன் செய்யுங்கள். அட்டையே இல்லையென்றால் வருமானச் சான்றுடன் கலெக்டர் அலுவலகப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குழந்தையின் பக்கத்தில் அம்மா இருக்கட்டும், அலைவதற்கு வேறொருவரை அனுப்புங்கள்.

அடுத்தது தனியார் மருத்துவமனையின் முன்பணம். "முதல்ல கட்டுங்க, இன்சூரன்ஸ் வந்ததும் திருப்பித் தருவோம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். இது ரொக்கமில்லாத் திட்டம். நீங்கள் கட்டிய பணத்துக்கு ரசீது காட்டி அரசிடம் திரும்ப வாங்க முடியாது. மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. பச்சிளங்குழந்தைக்கும் மூளை அறுவைக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டில் ஒன்று இல்லாமல் போவது சாதாரணம். நகையை அடகு வைத்தபின் இதைத் தெரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். கையிருப்பு கரைந்தபிறகு அங்கே போவதைவிட முதலிலேயே போகலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது தலை ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் ஒவ்வொரு வாரமும் எடுத்த தலைச் சுற்றளவையும் எழுதி வாங்குங்கள். "மூளையில் கசிவு" என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனையாவது கிரேடு (கசிவு எவ்வளவு தீவிரம் என்பதன் அளவு), எந்தப் பக்கம் என்பதும் இருக்க வேண்டும். நாளைக்கு ஊனச் சான்றிதழுக்குப் போகும்போது ஆதாரமாக நிற்பது இந்தக் காகிதம்தான்.

கசிவுக்குப் பிறகு குழந்தையின் வளர்ச்சி தாமதமானால், "மூணு வயசு ஆகட்டும், பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் இலவசம். அதற்கு ஊனச் சான்றும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். தென்சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வேறு கதை. அறிவுசார் குறைபாட்டுக்குச் சான்றில் 40 சதவீத ஊனம் போதும், கை கால் பாதிப்பென்றால் 75 சதவீதம் வேண்டும். மூளைவாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் இயக்கம் குறைவது) உள்ள குழந்தையை எலும்பு டாக்டர் மட்டும் பார்த்து 60 சதவீதம் எழுதிவிட்டால் தொகை போச்சு. வளர்ச்சித் தாமதமும் இருந்தால் அதையும் சோதித்துச் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்காமல் செய்ய மாட்டார்கள். 5 வயதுவரை தருவது தற்காலிகச் சான்றுதான். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், யாரும் நினைவூட்டப் போவதில்லை.

ஷன்ட் வைத்த குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், உச்சிக்குழி உப்பினால், எழுப்பினாலும் மயங்கித் தூங்கினால் குழாய் அடைத்திருக்கலாம். ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்காதீர்கள். 108-ஐ அழைத்து நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அட்டையைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம், அதை யாராவது பின்னால் எடுத்து வரட்டும்.