கண்ணாடிச் சீட்டில் ஒரு சின்ன முக்கோணம்

போன மாதம் தையல் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். நூல் கோக்கப் போனால் ஊசி இன்னமும் இரண்டாகத் தெரிகிறதாம். பவரைச் சோதித்தேன், சரிதான். சீட்டை வாங்கிப் பார்த்தேன். பவருக்குப் பக்கத்தில் 2 என்று எழுதி, ஒரு சின்ன முக்கோணம் போட்டு, 'பேஸ் இன்', அதாவது தடித்த பக்கம் மூக்கை நோக்கி, என்று நாங்களே குறித்திருந்தோம். கடையில் அதை விட்டுவிட்டு லென்ஸ் போட்டிருக்கிறார்கள்.

அந்த முக்கோணம்தான் பிரிசம். வெயிலை ஏழு நிறமாகப் பிரிக்கும் முப்பட்டகம் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். எங்களுக்கு அதில் நிறம் முக்கியமில்லை. ஒளி அதன் தடித்த அடிப்பக்கம் வளையும், பார்க்கும் பொருள் கூர்முனைப் பக்கம் நகர்ந்தாற்போலத் தெரியும். ஒரு மீட்டர் தூரத்தில் 1 சென்டிமீட்டர் நகர்த்தினால் அது 1 பிரிசம் டயாப்டர். அக்காவுக்குக் கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் வெளிப்பக்கம் விலகுகின்றன. அந்த விலகலை இந்த நகர்வால்தான் ஈடுகட்டுகிறோம். பவர் எழுத்தைத் தெளிவாக்கும், இரண்டை ஒன்றாக்காது.

சீட்டில் எழுதாத பிரிசமும் கண்ணாடிக்குள் வந்துவிடும். இரு கண் பாப்பாக்களுக்கு இடையிலான தூரத்தை, பி.டி. என்போம், தப்பாக அளந்தால் லென்ஸின் மையம் தள்ளிப்போகும். மைனஸ் 6 பவர்காரருக்கு இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் வெளியே போனாலே கண்ணுக்கு 1.2 வீதம் 2.4 பிரிசம். இது தெரியாமல் தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டே திரிபவர்களை நிறையப் பார்க்கிறேன். கண்ணாடியை வாங்கும்போதே, லென்ஸின் பவரையும் மையத்தையும் அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் மட்டும் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. எதை மூடினாலும் ஒன்றாகிவிட்டால் கண்களின் நேர்கோடு கெட்டிருக்கிறது. சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்குக் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு இப்படிச் சோர்ந்துபோகும். பலருக்கு 3 முதல் 6 மாதத்தில் தானே தேறும். அதுவரை லென்ஸில் ஒட்டும் பிரிசம் கைகொடுக்கும். ஆனாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கூடவே கடுமையான தலைவலி, தொங்கும் இமை, கோணும் வாய், குழறும் பேச்சு என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.