புது ரவுட்டர் வந்ததும் பிரிண்டர் ஏன் ‘ஆஃப்லைன்’ ஆகிறது?

புது ரவுட்டர் மாட்டிய அன்றைக்கே போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்து முடித்துவிடுவோம். பிரிண்டர் நினைவுக்கே வராது. பிள்ளையின் ஹால் டிக்கெட்டை அவசரமாகப் பிரிண்ட் எடுக்கப் போகும்போதுதான் திரையில் ‘ஆஃப்லைன்’ என்று வரும். உடனே பலரும் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். சில சமயம் அது பலிக்கவும் செய்யும். ஆனால் கோளாறு டிரைவரில் இல்லை.

ரவுட்டர் மாறும்போது இரண்டு விஷயங்கள் தனித்தனியாக அறுந்துபோகின்றன. ஒன்று, பிரிண்டருக்கும் வைஃபைக்கும் உள்ள தொடர்பு. மற்றொன்று, கணினி பிரிண்டரைத் தேடிப் போகும் முகவரி. ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதால்தான் பாதிப் பேர் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

முதலில் வைஃபை. பிரிண்டருக்குத் தெரிந்தது பழைய வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் மட்டுமே. டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்பு முறையில் பாஸ்வேர்டு அப்படியே காற்றில் போவதில்லை. பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் சேர்த்து, ஒரு கணக்கீட்டை 4,096 முறை திரும்பத் திரும்பச் செய்து, 256 பிட் நீளமுள்ள ஒரு சாவியை உருவாக்குவார்கள். பிரிண்டரிடமும் ரவுட்டரிடமும் ஒரே சாவி இருந்தால்தான் கதவு திறக்கும். ஓர் எழுத்து பெரியதா சிறியதா என்பதில் மாறினாலும், நடுவில் ஒரு இடைவெளி கூடினாலும் வேறு சாவி வந்துவிடும்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. பெயரும் பாஸ்வேர்டும் அச்சு அசலாக ஒத்துப்போனால், பெட்டி மாறியது பிரிண்டருக்குப் பொருட்டே இல்லை. எனவே புது ரவுட்டருக்கும் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் வைத்துவிடுவதுதான் என் கணிப்பில் முதல் வைத்தியம். பிரிண்டரின் குட்டித் திரையில் அம்புக்குறியைத் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தாகத் தேடும் கொடுமை மிச்சம். வைஃபை பல்பு, கேமரா எல்லாமும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்படியும் சேரவில்லையா? ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிரிண்டருக்கு அது புரியாது; டபிள்யூ.பி.ஏ.2-உம் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும். வீட்டு பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும் என்பதால், ரவுட்டரில் அது இயங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்டைத் தட்டாமலே வைஃபையில் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். பொத்தான் இருந்தால் வேலை சுலபம். ரவுட்டரில் ஓர் அழுத்து, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரில் ஓர் அழுத்து, அவ்வளவுதான். ஆனால் சில ரவுட்டர்களில் இந்த வசதியை அணைத்தே வைத்திருப்பார்கள். அதற்கும் காரணம் உண்டு. பொத்தானுக்குப் பதில் ‘பின்’ (PIN) என்ற ரகசிய எண்ணைக் கொடுக்கும் முறையும் இதே வசதியில் உண்டு; அதில் எட்டு இலக்கங்கள். அவற்றை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கும். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆக, எண்ணை ஊகித்துத் திருட்டுத்தனமாக நுழையப் பார்ப்பவர் கோடிக் கணக்கில் முயல வேண்டிய இடத்தில் அதிகபட்சம் 11,000 முயற்சியே போதும். 2011-இல் இந்த ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது.

சரி, பிரிண்டரின் நீல விளக்கு சிமிட்டாமல் நின்று எரிகிறது. ஆனாலும் கணினி ‘ஆஃப்லைன்’ என்கிறதே? இங்கேதான் இரண்டாவது அறுபடல்.

வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி கொடுப்பது ரவுட்டர். இது லாட்ஜில் அறை எண் கொடுப்பது மாதிரி: ஆள் அதே ஆள், லாட்ஜ் மாறினால் அறை எண்ணும் மாறும். 192.168 என்று தொடங்கும் எண்கள் உள் வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை; ரவுட்டருக்கு ரவுட்டர் வேறு வரிசையைப் பயன்படுத்தும். பலவற்றில் 192.168.1 அல்லது 192.168.0, ஜியோஃபைபரில் 192.168.29. பழைய ரவுட்டரில் பிரிண்டர் 192.168.1.7 ஆக இருந்திருக்கும். விண்டோஸ் அந்த எண்ணைத் தன் ‘போர்ட்’ அமைப்பில் எழுதி வைத்துக்கொண்டு, இன்னமும் அங்கேயே பக்கங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே ஆளில்லை. டிரைவரை மறுபடி நிறுவினால் சில சமயம் வேலை செய்வதும் இதனால்தான்: கூடவே புது முகவரியோடு புது போர்ட் உருவாகிவிடுகிறது. அதை மட்டும் செய்ய, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் ‘போர்ட்ஸ்’ பகுதிக்குப் போய்ப் புது முகவரியைச் சேர்த்தாலே போதும்.

புது முகவரி என்ன என்பதைப் பிரிண்டரே சொல்லும். அதன் மெனுவிலிருந்து நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தை அச்சிட்டு, ஐ.பி. என்ற வரியை மட்டும் பாருங்கள். 0.0.0.0 என்றிருந்தால் பெரும்பாலும் வைஃபையிலேயே சேரவில்லை. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் பிரிண்டர் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. வைஃபையில் சேர்ந்த பிறகும் பழைய வரிசையின் எண்ணே இருந்தால், யாரோ முன்பு அதைக் கையால் நிலையாகப் போட்டிருக்கிறார்கள். தானியங்கி முறைக்கு மாற்ற வேண்டும். புது ரவுட்டரின் வரிசையில் இருந்தால் பிரிண்டர் பக்கம் வேலை முடிந்தது, மீதி கணினியில்.

போனில் பிரிண்ட் போகிறது, லேப்டாப்பில் போகவில்லை என்று சிலர் குழம்புவார்கள். போன்கள் பொதுவாக எண்ணை நம்புவதில்லை. ஒவ்வொரு முறையும் ‘இங்கே பிரிண்டர் இருக்கிறதா?’ என்று வலை முழுக்கக் குரல் கொடுக்கும். பிரிண்டர் தன் பெயரையும் அன்றைய முகவரியையும் பதிலாகச் சொல்லும். ஆப்பிள் 2002-இல் ரான்டேவூ என்ற பெயரில் கொண்டுவந்து, 2005-இல் போன்ஜூர் என்று பெயர் மாற்றிய ஏற்பாடு இது. ஆனால் போன் விருந்தினர் வைஃபையில் இருந்தால் அந்தக் குரல் பிரிண்டருக்கு எட்டாது; அங்கே கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி ரவுட்டர் பொதுவாகத் தடுத்துவிடும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ரவுட்டரின் அமைப்புக்குள் போய், பிரிண்டரின் மேக் எண்ணுக்கு (தயாரிப்பிலேயே கருவிக்குத் தரப்படும் அடையாள எண்) ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் மின்சாரம் போய் வந்தாலும் எண் மாறாது. அந்த ஒதுக்கீடு ரவுட்டருக்குள் மட்டுமே இருக்கும். அடுத்த முறை ரவுட்டரை மாற்றினால் புதிதாகத்தான் எழுத வேண்டும். மேக் எண் அதே நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது.