சிஎஸ்ஆர் ரசீதை வைத்துக்கொண்டு 'கேஸ் போட்டாச்சு' என்று இருந்துவிடாதீர்கள்

கோவையில் விடியற்காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் தாலிக்கொடியை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலு மாதம் கழித்து மகன் என்னிடம் வருகிறார். "கேஸ் போட்டாச்சு சார், ஒன்றுமே நடக்கவில்லை." போன் கவருக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஸ்டேஷன் முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது, ஒரு வரிசை எண் இருக்கிறது. குற்ற எண் இல்லை, சட்டப்பிரிவு இல்லை. வெறும் மனு ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டோம் என்று மட்டும் சொல்லும் சிஎஸ்ஆர். கிரிமினல் வழக்குகள் பார்க்கும் எந்த வக்கீலைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார். எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

அவர் இன்னொன்றும் சொன்னார். பாதுகாப்பான நகரங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் பார்த்துத்தான் அந்த ஊரில் வீடு வாங்கினார்களாம். இந்தப் பட்டியல்களை நம்புவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் எண்ணிக்கை, நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல. பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. அந்த அம்மாவின் கழுத்தில் தழும்பு இருக்கிறது, ஆனால் வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) இல்லாததால் கணக்கில் அந்தச் சம்பவமே கிடையாது. ஒரே சம்பவத்தில் கொள்ளையும் கொலையும் நடந்தால் கொலை மட்டும்தான் கணக்கில் ஏறும். பெருநகரப் பட்டியலில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்கள்தான் வரும். தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் மட்டும். மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர் எல்லாம் அதில் இல்லவே இல்லை. குற்ற விகிதம் காண வகுப்பதற்கு எடுத்துக்கொள்ளும் மக்கள்தொகையும் 2011 கணக்கெடுப்புதான். அதற்கப்புறம் கோவைக்கு வேலை தேடி வந்தவர்கள் எத்தனை பேர்! சென்னையிலோ 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனி கமிஷனரேட்டுகளாகப் பிரிந்தன. முந்தைய ஆண்டோடு ஒப்பிடுபவர்கள் இதையாவது பார்க்கிறார்களா?

இன்னும் சந்தேகம் இருந்தால் 2020ஐப் பாருங்கள். 2019இல் தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள் சுமார் 1.7 லட்சம். 2020இல் 8.9 லட்சம், நாட்டிலேயே அதிகம். ஒரே வருஷத்தில் நாமெல்லாம் குற்றவாளிகள் ஆகிவிட்டோமா? கூடியதில் பெரும்பாலானவை ஊரடங்கை மீறியவர்கள் மீது போட்ட வழக்குகள்தான். கேரளம் குற்ற விகிதத்தில் வருஷா வருஷம் மேலே நிற்பதற்கும், அங்கே புகார்கள் ஒழுங்காகப் பதிவாவது ஒரு முக்கியக் காரணம். எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்வது தவறு என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

சரி, புகார் கொடுக்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

எழுத்தில் கொடுங்கள். ரைட்டரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கையில் தரும் காகிதத்தில் குற்ற எண்ணும் சட்டப்பிரிவும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். "எங்க லிமிட்ல வராது" என்று அனுப்பினால் நகராதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம்.

"விசாரித்துவிட்டுப் போடுகிறோம்" என்பார்கள். மூன்று வருஷத்துக்குக் குறையாமலும் ஏழு வருஷத்துக்குள்ளும் தண்டனை உள்ள குற்றங்களில் அப்படி முதற்கட்ட விசாரணை செய்ய வழி இருக்கிறதுதான். ஆனால் டி.எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரியின் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும். நாலு மாதம் எந்தச் சட்டத்திலும் இல்லை. பதிய மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், மாநகரமென்றால் துணை கமிஷனருக்கு. அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அனுப்பிய தபாலின் ரசீதைத் தொலைத்துவிட்டு எங்களிடம் வராதீர்கள்.

தாமதம்தான் எங்கள் வழக்குகளைக் கொல்கிறது. தெருமுனைக் கடையின் கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அந்த அம்மாவின் வழக்கில் அப்படித்தான் ஆனது. பைக் திருட்டென்றால் இன்சூரன்ஸ்காரர்கள் எஃப்.ஐ.ஆர். கேட்பார்கள், சிஎஸ்ஆரைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆன்லைனில் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. ஊர்ப் பட்டியலை விடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச்சுக் கொடுங்கள், தயவுசெய்து. அந்தத் தெருவில் செயின் பறிப்பு நடந்ததா என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.