ஏறி இறங்கும் மார்க்: எந்தக் கல்லூரி எந்த வரியைப் பார்க்கிறது?

கணிதம் 96, இயற்பியல் 61, வேதியியல் 58, ஆங்கிலம் 90, கம்ப்யூட்டர் சயின்ஸ் 88. மொத்தம் 393. டெல்லியில் நான் கல்வி ஆலோசனை சொல்லும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து மே மாதம் வந்தாலே இந்த மாதிரி மார்க் ஷீட்டுகள் வரத் தொடங்கிவிடும். (இது ஒரே பிள்ளையுடையது அல்ல. பலருடையதைக் கலந்து எழுதியிருக்கிறேன்.) அதை நீட்டும்போது அப்பாக்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "78 பர்சன்ட்தான் மேடம். இதுக்கு எங்க கிடைக்கும்?"

அந்த 78.6-ஐ மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. மொத்த சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் இடங்கள் குறைவு. ஒரு நிறுவனம் மூன்று பாடங்களை மட்டும் பார்க்கும், இன்னொன்று ஐந்தையும் கூட்டும், வேறொன்று பாஸா இல்லையா என்பதோடு விட்டுவிடும். எல்லாப் பாடத்திலும் ஒரே அளவாக வாங்கும் பிள்ளைக்கு இதனால் பெரிய வித்தியாசம் வராது. ஒரு பாடத்தில் 96-ம் இன்னொன்றில் 58-ம் வாங்கும் பிள்ளைக்கோ எங்கே விண்ணப்பிப்பது என்பதையே இதுதான் தீர்மானிக்கிறது.

மேலே சொன்ன பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அவளுக்கு இன்ஜினியரிங் ஆசை.

மத்திய அரசின் என்ஐடி கல்லூரிகளுக்கு ஜேஇஇ என்ற அகில இந்திய இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வில் ரேங்க் வேண்டும். அதோடு 12-ஆம் வகுப்பில் ஐந்து பாடங்களுக்கும் சேர்த்து 75 சதவீதம் இருக்க வேண்டும், இல்லையென்றால் தன் போர்டில் மேல் 20 பர்சென்டைலுக்குள், அதாவது நூறு பேரில் முதல் 20 பேருக்குள் வர வேண்டும். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 65 சதவீதம் போதும். இங்கே ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் அவளைக் கரையேற்றிவிடுகின்றன. பிட்ஸ் பிலானி அந்த இரண்டையும் பார்க்காது. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்ந்து 75, ஒவ்வொன்றிலும் தனியாக 60 என்பது அங்கே நிபந்தனை. அவளுக்கு மூன்றும் சேர்ந்து 215, அதாவது 71.67 சதவீதம். வேதியியலில் 58. அவர்களுடைய நுழைவுத் தேர்வான பிட்சாட்டில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. ஆனாலும் அந்தத் தேர்வுக்கு ஒரு வருஷம் கோச்சிங் போய்விட்டு, முடிவு வந்த பிறகு இந்த விதியைப் படிக்கும் குடும்பங்கள் உண்டு. டெல்லி டெக்னாலஜிகல் யுனிவர்சிட்டியில் அதே மூன்று பாடங்களுக்கு 60 சதவீதம் போதும். அதன் பிறகு ஜேஇஇ ரேங்க்தான் பேசும்.

அடுத்து நம் ஊர். தமிழ்நாட்டில் 2007-லிருந்து இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, 12-ஆம் வகுப்பு மார்க்தான் எல்லாம். கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு என்று மாற்றி 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். இவளுக்கு 96, 30.5, 29. ஆக 155.5. பக்கத்து வீட்டுப் பையன் மூன்றிலும் 72 வாங்கியிருக்கிறான் என்று வையுங்கள். சராசரி கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அவனுடைய கட்-ஆஃப் 144. இன்னொரு பையன் இவள் மார்க்குகளையே இடம் மாற்றி வாங்கியிருக்கிறான்: இயற்பியலில் 96, கணிதத்தில் 58, வேதியியலில் 61. அவன் கட்-ஆஃப் 136.5-க்கு இறங்கிவிடுகிறது. அரை மார்க்கில் ரேங்க் சரியும் இடத்தில் 19 மார்க் வித்தியாசம் என்பது சாதாரணமில்லை. 155.5-க்குக் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி கிடைக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கணிதத்தில் பலமான பிள்ளைக்குத் தமிழ்நாட்டுக் கவுன்சலிங் கொடுக்கும் அனுகூலத்தை டெல்லியில் இருக்கும் நம்மவர்கள் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுக்கு வெளியே படித்தவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தாத்தா ஊர் தாலுகாவிலிருந்து அது வந்து சேர நாளாகும். ரிசல்ட் வந்த பிறகு ஓடாதீர்கள், பிள்ளை 12-ஆம் வகுப்பில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். சாதிச் சான்றிதழும் அப்படித்தான்.

இதற்குமேல் நான் அந்தக் குடும்பத்திடம் ஒன்று கேட்பேன். கணிதத்தில் 96 வாங்கும் பெண் இயற்பியலிலும் வேதியியலிலும் அறுபதைச் சுற்றியே நிற்கிறாள் என்றால் அவளுக்கு எது பிடிக்கிறது என்று மார்க் ஷீட்டே சொல்கிறதே, ஏன் அதைக் கேட்க மாட்டேன் என்கிறோம்? இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கொல்கத்தாவில் பி.ஸ்டாட் என்ற புள்ளியியல் பட்டப்படிப்பையும் பெங்களூருவில் பி.மேத் என்ற கணிதப் பட்டப்படிப்பையும் நடத்துகிறது. 12-ஆம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். தேர்வும் நேர்முகமும் கணிதத்தைப் பற்றியே, வேதியியல் 58-ஐ அங்கே யாரும் தேட மாட்டார்கள். சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகமும் தன் நுழைவுத் தேர்வை நம்பித்தான் கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.எஸ்சி.க்கு ஆள் எடுக்கிறது. தேர்வுகள் கடினம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் பலமாக நிற்கும் களத்தில் நடக்கும் தேர்வுகள். ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பும் இருக்கிறது. அதற்கு ஜேஇஇ தேவையில்லை. சில வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கிறவர்கள் நிறையப் பேர்.

சயின்ஸ் எடுக்காத பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வரும்போது பழைய டெல்லி யுனிவர்சிட்டியை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். 2021-ல் சில கல்லூரிகள் சேர்வதற்குக் குறைந்தபட்ச மார்க்கே 100 சதவீதம் என்று கட்-ஆஃப் போட்டன, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2022-லிருந்து அங்கே இளநிலைச் சேர்க்கை, பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் வழியாக நடக்கிறது. 12-ஆம் வகுப்பில் பாஸ் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரே ஸ்கோரில் நின்றால்தான் போர்டு மார்க்கை எடுப்பார்கள், அதிலும் முதலில் பார்ப்பது சிறந்த மூன்று பாடங்கள். மார்ச்சில் டைஃபாய்டோடு பரீட்சை எழுதி 64 சதவீதத்தில் நின்ற பையன், அடுத்து வரும் க்யூட்டை நன்றாக எழுதினால் நல்ல கல்லூரிக்குள் போகலாம். பழைய முறையில் அவனுக்கு இது கிடைத்திருக்காது.

க்யூட்டில் ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிஷம். சரிக்கு 5, தப்புக்கு ஒன்று கழிவு. அதிகபட்சம் ஐந்து பாடங்கள் எழுதலாம். டெல்லி யுனிவர்சிட்டிக்கு 12-ஆம் வகுப்பில் படித்த பாடங்களிலேயே க்யூட் எழுத வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பி.ஏ. ஹானர்ஸ் எகனாமிக்ஸ் வேண்டுமென்றால் கணிதம் கட்டாயம். கணிதத்தில் தடுமாறும் பிள்ளை அந்த ஒரே படிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், மற்ற பாடங்களில் எடுக்கும் நல்ல ஸ்கோரெல்லாம் வீணாகும். மொழித் தேர்வில் 13 மொழிகள் உண்டு, தமிழும் அதில் ஒன்று. 12 வரை தமிழ் படித்து அதில் 95 வாங்கும் பிள்ளைகள் டெல்லியில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குறைந்த ஸ்கோரோடு வருவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. தமிழ் பலமென்றால் தமிழிலும் எழுதட்டும், சேர விரும்பும் படிப்பு எந்த மொழியை ஏற்கிறது என்று விதியைப் பார்த்துவிட்டு.

மாறாக, போர்டு மார்க் நன்றாக வந்து க்யூட் சரிந்தவர்களும் உண்டு. டெல்லியில் வசிக்கும் பெண் பிள்ளைகளுக்கு டெல்லி யுனிவர்சிட்டியின் பெண்கள் கல்வி வாரியம் 12-ஆம் வகுப்பு மார்க்கை வைத்தே சேர்க்கிறது, வகுப்புகள் வார இறுதியில் நடக்கும். 1962-லிருந்து நடக்கும் திறந்தவெளிக் கல்விப் பள்ளிக்கும் க்யூட் வேண்டாம். பட்டத்தைக் கொடுப்பது அதே பல்கலைக்கழகம்தான்.

மார்க் ஷீட்டில் பலரும் கவனிக்காத இன்னொரு வரி, பள்ளிக்கூடத்தின் முகவரி. டெல்லி டெக்னாலஜிகல் யுனிவர்சிட்டி, நேதாஜி சுபாஷ் யுனிவர்சிட்டி, ஐபி யுனிவர்சிட்டி போன்றவற்றில் 85 சதவீத இடங்கள் டெல்லிப் பிள்ளைகளுக்கு. டெல்லிப் பிள்ளை என்றால் டெல்லிக்குள் இருக்கும் பள்ளியில் 12-ஆம் வகுப்பு முடித்த பிள்ளை. வீடு மயூர் விஹாரில் இருந்து பள்ளி நொய்டாவில் இருந்தால் அந்த 85-ல் இடமில்லை. வீடு நொய்டாவில், பள்ளி டெல்லியில் என்றால் உண்டு. சுமாரான ரேங்க் எடுக்கும் பிள்ளைக்கு இது பல ஆயிரம் ரேங்க் வித்தியாசத்தை உண்டாக்கும். பத்தாம் வகுப்பு முடிந்து 'ஏசி பஸ் வருது, பில்டிங் நல்லா இருக்கு' என்று டெல்லி எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளி மாற்றுவதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பு மார்க் பற்றிக் கேட்கிறார்கள். இங்கே மேலே சொன்ன இடங்கள் எதுவும் அதைப் பார்ப்பதில்லை. அமெரிக்கா என்றால் கதையே வேறு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருஷ மார்க்கும் கேட்பார்கள். பதினொன்றில் சரிந்து பன்னிரண்டில் ஏறியிருந்தால் காரணத்தை விண்ணப்பத்திலேயே நான்கு வரியில் எழுத இடம் இருக்கிறது. அப்பாவுக்கு ட்ரான்ஸ்ஃபர், பள்ளி மாறியது, வீட்டில் ஒரு மரணம், எதுவானாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பிரிட்டனுக்கு ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள்தான் கேட்க முடியும். 12-ஆம் வகுப்பு முடிவதற்கு முன்பே விண்ணப்பித்தால் ஆசிரியர்கள் போடும் உத்தேச மார்க்கை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். அதனால் அரையாண்டுத் தேர்வை லேசாக நினைக்கக் கூடாது.

கொஞ்சத்தில் கோடு தவறியவர்களுக்கு ஒரு வழி: சிபிஎஸ்இ 12-ஆம் வகுப்பில் பாஸ் ஆனவர்களும் ஜூலை துணைத் தேர்வில் ஒரு பாடத்தில் மார்க்கை உயர்த்திக்கொள்ள எழுதலாம். 60-க்கு 58-ல் நிற்பவர்களுக்கும், 75-க்கு ஒன்றிரண்டு குறைந்தவர்களுக்கும் அது உதவும். ஆனால் சேரப்போகும் இடம் அந்த மார்க்கை அதே வருஷம் ஏற்குமா என்று அந்த வருஷத்து விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டும். நான் இங்கே சொன்ன சதவீதங்களுக்கும் அதேதான், வருஷத்துக்கு வருஷம் மாற்றுவார்கள்.

மார்க் ஏறி இறங்கியிருக்கும் பிள்ளையின் வீட்டுக்குத்தான் ஏஜென்டுகளின் போன் முதலில் வரும். "டைரக்ட் அட்மிஷன், சீட் கன்ஃபர்ம், இன்னைக்கே டோக்கன் போடுங்க" என்பார்கள். அந்த அவசரமே உங்களை எச்சரிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் போடுகிறது. அதில் டெல்லி முகவரிகள் நிறையவே இருக்கின்றன. பெயரில் நேஷனல், இன்டர்நேஷனல் என்று இருப்பதைப் பார்த்து நம்பிவிடாமல், பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

டெல்லி யுனிவர்சிட்டிக்கு விருப்பப் பட்டியல் நிரப்பும்போது நம்மவர்கள் ஐந்தாறு பிரபலக் கல்லூரிகளைப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், போடுங்கள். பிள்ளைக்கு உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதை மேலே வையுங்கள், 'கிடைக்குமா' என்று பயந்து வரிசையை மாற்றாதீர்கள். ஸ்கோர் குறைவென்றால் கீழே இன்னும் நீளமாகப் போடுங்கள், அவ்வளவுதான். முதல் சுற்றில் ஏதோ ஒரு கல்லூரி வந்து, அது பிடிக்கவில்லை என்று அப்படியே விட்டுவிட்டால் அடுத்த சுற்றுகளில் உங்கள் பெயர் இருக்காது. வந்த இடத்தை ஏற்றுக்கொண்டு, ஃபீஸ் கட்டிவிட்டு, அப்கிரேட் கேளுங்கள். மேலே இடம் வந்தால் தானாக மாறும், வராவிட்டால் கையில் இருப்பது கையில் இருக்கும்.